கூழும் குளிர்கோட்டும்

என் குளிர்கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, கண்ணைக் குத்துகிற மஞ்சள். கடையின் மூலையில் ஒருவரும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்ததை நான்தான் எடுத்து வந்தேன். மகள் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு வந்தால் மெட்ரோவில் வேறு பெட்டியில்தான் ஏறுவேன் என்றாள். பனி அள்ளுகிற வண்டிக்காரன் உன்னை மட்டும் இடிக்கமாட்டான் என்றார் என் மனுசன். எனக்கு அதுதானே வேண்டும்? நான் மொன்றியலில், லாசால் என்கிற பகுதியில், நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கும் சிறிய பஸ் ஓட்டுகிறேன். தை மாதத்துக் காலையில், பனி கொட்டக் கொட்ட, தெருவில் இறங்கி நின்று சக்கர நாற்காலியை ஏற்றுகிறபோது வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் நான் தெரிய வேண்டும். யார் என்ன சொன்னாலும் அந்தக் கோட்டை நான் விடவில்லை.

அது ஓகஸ்ட் மாத வெயிலில் ஒரு நாட்டுக்காக வேலை செய்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் நகரத்தில் பல நாடுகள் கலந்துகொள்ளும் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஓட்டம், நீச்சல், பளுதூக்கல் என்று எல்லாம் ஒன்றாக. வாகனம் ஓட்டத் தொண்டர்கள் தேவை என்று கேட்டிருந்தார்கள். லீவை அப்படியே அதற்குக் கொடுத்துப் பெயரைப் பதிந்தேன். மற்றத் தொண்டர்களுக்குப் பெரிய பெரிய நாடுகள் கிடைத்தன. எனக்குக் கிடைத்த நாட்டின் பெயரை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பெருங்கடல் நடுவில் ஒரு தீவு. நான்கு விளையாட்டு வீரர்கள், ஒரு பயிற்சியாளர். நான் ஓட்டிய வான் வண்டியில் ஒரு நாடே ஏறி உட்கார்ந்த பிறகும் கடைசி வரிசை வெறுமையாக இருந்தது.

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஓட்டக்காரர் இருவருக்கும், மேசைப்பந்து விளையாடுகிற பையனுக்கும், பளு தூக்குகிற பெண்ணுக்கும் அவர் ஒருவர்தான் எல்லாம். எந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது, நன்றாக நித்திரை கொள்ள வேண்டும் என்பது.

பளு தூக்குகிற பெண்ணுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. அவர்கள் ஊர்த் தபால் கந்தோரில் வேலை. வேலை முடிய, கடற்கரையில் ஒரு தகரக் கொட்டிலில் பயிற்சி. உப்புக்காற்றில் இரும்புத் தண்டு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துத்தான் தூக்குவாளாம். போன முறை வேறு நாட்டில் நடந்த போட்டிக்குப் பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் இருந்திருக்கிறாள். புயல் வந்து விமானம் கிளம்பவில்லை. திரும்பிப் போய்ப் பெட்டியை அவிழ்த்திருக்கிறாள். இந்த முறைக்குப் பிறகு இளம் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்று பயிற்சியாளர் அவளுக்கு நேராகவே சொல்லியிருந்தார். தூக்கினால் இங்கே தூக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. இதையெல்லாம் அவள் எனக்கு ஆங்கிலத்தில், தபால் முத்திரை குத்துகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

தொடக்க விழாவில் ஒரு கூத்து நடந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அணிவகுத்து வந்தன. ஊரை விட்டு ஓடி வந்த எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கொடி என்றால் கொஞ்சம் சிக்கல். பிறந்த நாட்டின் கொடி வந்தால் கை தட்டுவதா விடுவதா என்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்போம். கனடாவின் கொடிக்கு நான் மனதாரத் தட்டுகிறேன், ஆனால் அதற்குத் தட்ட முழு அரங்கமும் இருக்கிறது. இந்த நாலு பேருக்குத் தட்ட அங்கே நான் ஒருத்திதான். தயாராக எழும்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போட்டுக்கொண்டு நிமிர்கிறேன், அடுத்த நாடு போய்க்கொண்டிருக்கிறது. என்னுடைய நாடு அவ்வளவு சின்னது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியை வீசியெறியாமல் விட்டது பெரிய விஷயம்.

அவளுடைய போட்டி திங்கட்கிழமை. முதல் நாள் ஞாயிறு, பயிற்சி முடிந்து வரும் வழியில் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தேத்தண்ணிக்கு மட்டும்தான். இதை மனுசனுக்குத் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன். நாளைக் காலையில் அவளுடைய உடம்பு நிறை பார்ப்பார்கள், அவளுடைய பிரிவுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் ஒரு துளி கூடினாலும் தண்டைத் தொடவிடமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றார். அவர் ஓம் என்று இரண்டு தரம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் கூழ். என் மனுசன் மன்னார்க்காரர். கிழமை நாட்களில் லாசாலில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வந்தால் குசினி அவருடையது. நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரு பெரிய பானையில் கொதிக்க, புளியும் மிளகாயும் விட்டு, பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மாவைக் கரைத்து ஊற்றி இறக்குவார். அதன் வாசம் மேல்மாடிக்காரரின் கதவைத் தட்டும். கோவிலுக்கு வருகிற பாதிப் பேர் அந்தக் கூழைக் குடித்தவர்கள்தான்.

நாங்கள் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் என் தொலைபேசி அடித்தது. மேசைப்பந்துப் பையனைக் கொண்டுபோய் விட வேண்டிய வாகனம் வரவில்லையாம். அவளை மனுசனிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போதும் வாசலில் நின்று தேத்தண்ணி மட்டும் என்று சொன்னேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், மேசையில் நண்டுக்கோது மலையாகக் கிடக்கிறது. அவளுக்கு மூக்கு நுனியில் வியர்வை, கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. மனுசன் அகப்பையோடு பக்கத்தில் நிற்கிறார். எத்தனையாவது கோப்பை என்று அவருக்கே தெரியாது.

நடந்தது இதுதான். எங்கள் வீடுகளில் விருந்தாளி போதும் என்றால் இன்னும் ஒரு அகப்பை ஊற்று என்று பொருள். உண்மையாகவே போதுமென்றால் கோப்பையைக் கையால் மூட வேண்டும், அப்போதும் என் மனுசன் விரல் இடுக்கால் ஊற்றப் பார்ப்பார். அவளுக்கு இந்தச் சட்டம் தெரியாது. வாயால் போதும் போதும் என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய தீவிலோ வேறு சட்டம். கோப்பையில் மிச்சம் விட்டால் இந்த வீட்டுச் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று அர்த்தமாம். ஆகவே அவர் ஊற்ற ஊற்ற அவள் குடித்து முடித்தாள். அவள் முடிக்க முடிக்க அவர் ஊற்றினார். நான் வராவிட்டால் பானை காலியாகியிருக்கும்.

அவள் தானாகவே எழுந்து தராசு எங்கே என்று கேட்டாள். குளியலறையில் ஏறி நின்றவள் இறங்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. காலையில் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றவள், இப்போது ஒரு கிலோவுக்கும் மேல் கூடி நின்றாள். தராசில் பிழையில்லை, மனுசன் கிழமைக்கு ஒருமுறை ஏறி நின்று கவலைப்படுகிற தராசு அது. அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். புயலுக்கு விமானம் நின்றதைத் தடுக்க முடியவில்லை, கூழைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நான் குசினிக்குப் போனேன்.

"நாளைக்கு நிறை பாப்பினம் எண்டு உங்களுக்குச் சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீர்தான். பாரம் தூக்கிற பிள்ளை, வெறும் வயித்தோட என்னெண்டு தூக்கும் எண்டு நினைச்சன்."

மன்னாரில் இருந்து மொன்றியல் வரை எங்கள் சனம் முழுவதும் அப்படித்தான் நினைக்கும். ஆனாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மனுசன் அகப்பையைக் கீழே வைக்கவும் மறந்துபோய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். கடைசியில், இனி நண்டு தொடமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்தார். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் நேர்ந்ததை நான் கவனித்தேன்.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வியர்க்க வைத்தால்தான் இறங்கும், ஆனால் வீரர்கள் தங்கும் இடத்தில் இருந்த நீராவி அறையைப் பெரிய அணிகள் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தன, எங்கள் முறை நாளைப் பின்னேரம்தான் என்றார். நாளைப் பின்னேரம் யாருக்கு வேண்டும்? எங்கள் ஊரென்றால் மத்தியான வெயிலில் ஓடவிட்டே இறக்கிவிடுவேன், இந்தக் குளிர்நாட்டு வெயில் அதற்குப் போதாதே, என்ன செய்வது என்று கேட்டார்.

குளிர்நாடு என்று அவர் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. இந்த நகரத்து வீடுகளில் இல்லாத சாமான் எத்தனையோ இருக்கும். குளிர் உடுப்பு இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். நிலவறைக்குப் போய்ப் பெட்டிகளைத் திறந்தேன். பனிக் காற்சட்டை, கம்பளிக் காலுறை, காதை மூடுகிற தொப்பி, மகளின் கழுத்துத்துணி. எல்லாவற்றுக்கும் மேல் என்னுடைய மஞ்சள் கோட்டு. அவளுக்கு உடுத்தி, கழுத்துவரை இழுத்துப் பூட்டினேன். பூச்சியுருண்டை மணத்தில் அவள் தும்மினாள்.

பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன், நிறை போனால் போகட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வாசலுக்கு வந்தால், மனுசன் பனி அள்ளும்போது போடுகிற தடித்த கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கென்ன விசரா என்று கேட்டேன்.

"நான் ஏத்தினது. நானும் சேந்துதான் இறக்கவேணும்."

வெயில் முப்பதைத் தாண்டிய நாள் அது. ஆற்றங்கரைப் பாதையில் சனம் அரைக்காற்சட்டையோடும் ஐஸ்கிறீமோடும் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இந்தக் கோலத்தில் நடந்தோம். குழந்தைகள் சுட்டிக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு சைக்கிள்காரக் கிழவர் நிறுத்தி, "சா வா, மதாம்?" என்று சுகம் விசாரித்தார். பனிக்காலத்துக்குப் பயிற்சி எடுக்கிறோம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள், இங்கே எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

என் மனுசன் சீக்கிரமே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சரிந்துவிட்டார். பயிற்சியாளர் தன் தொப்பியால் அவருக்கு விசிறினார். அவள் நடந்தாள். மஞ்சள் கோட்டு முன்னே போக, நான் பின்னே போனேன். நடக்க நடக்க எங்கள் வீட்டுச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், கோப்பையைக் கையால் மூடு, வாயை நம்பாதே என்று. தராசில் ஏறிய பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு இது நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஏறி நின்றபோது கூடியதில் பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சத்தில் கொஞ்சம் நித்திரையில் போகும் என்றார் பயிற்சியாளர். அவருக்கு நித்திரையில் எப்போதும் நம்பிக்கை.

மறுநாள் காலை ஜன்னல்களை ஏற்றிவிட்டு, ஹீற்றரை முழுதாகத் திருகிவிட்டு வானை ஓட்டினேன். பக்கத்தில் அவள் மஞ்சள் கோட்டில். பின்னால் பயிற்சியாளரும், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த என் மனுசனும். வாய் திறந்தால் காற்று சூடாக உள்ளே போனது.

நிறை பார்க்க ஒரு மணித்தியாலம் கொடுப்பார்கள். அதற்குள் எத்தனை தரமும் ஏறலாம், முடிந்தால் முடிந்தது. முதல் தரம் உள்ளே போனவள் உடனே திரும்பி வந்தாள். இன்னும் ஒரு சிறங்கைத் தண்ணீர் அளவு மிச்சம். கோட்டை நீட்டினேன். கையை நுழைத்துக்கொண்டு பின்படிக்கட்டுக்கு ஓடினாள். நானும் ஓடினேன். அவள் ஏறி இறங்க, நானும் ஏறி இறங்கினேன். கால் வலிக்கிறது என்று நினைக்கக்கூட நேரம் இல்லை. கீழே மனுசன் நின்று ஒவ்வொரு முறையும் எங்களைப் பார்த்து வா பிள்ளை, வா பிள்ளை என்றார். அது யாருக்குச் சொன்னார் என்று கேட்கவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று பயிற்சியாளர் வந்து கூப்பிட்டார். அவள் கோட்டை என் கையில் உதறிவிட்டு உள்ளே போனாள். கோட்டு ஈரத்தில் கனத்தது. கதவு மூடியிருந்தது. மனுசன் செபமாலையை உருட்டினார். பிறகு கதவு திறந்தது. தண்ணீர்ப் போத்தலை வாயில் கவிழ்த்தபடி அவள் வெளியே வந்தாள். வேறு செய்தி தேவைப்படவில்லை. மனுசன் சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தொடத்தான் விட்டார்களே தவிர, தூக்க வேண்டுமே. ஒரே மூச்சில் தலைக்கு மேல் எடுக்கிற முதல் பகுதியில் தப்பிவிட்டாள். தோளில் வாங்கிப் பிறகு தலைக்கு மேல் ஏற்றுகிற இரண்டாவது பகுதியில் மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் முடிவுப் பட்டியலிலேயே அவளுடைய நாடு இருக்காது. முதல் வாய்ப்பில் தண்டு தோளுக்கு வந்து விழுந்தது. இரண்டாவதில் தலைக்கு மேல் போய் விழுந்தது. அவளுடைய கால்களில் பலம் தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பலத்தைத் தீர்த்ததே நாங்கள்தான். மனுசன் என் கையைப் பிடித்திருந்தார். கலியாணப் பூசைக்குப் பிறகு பொது இடத்தில் அவர் கையைப் பிடித்தது அன்றுதான்.

மூன்றாவது தரம் வந்தாள். வழுக்காமல் இருக்க வெள்ளைத் தூளைக் கையில் தேய்த்தாள். குனிந்தாள், எடுத்தாள், தோளில் வாங்கினாள், அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து மேலே ஏற்றிவிட்டாள். பின்னால் வைத்த கால் நடுங்கியது. அதை மெல்ல முன்னே இழுத்து வைத்து, நேராக நிமிர்ந்து, நடுவர் போதும் என்னும்வரை அசையாமல் நின்றாள். சரி என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. நான் போட்ட சத்தத்தில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கடைசிக்கு முந்திய இடம். என்ன குறைச்சல்? அவளுக்குப் பின்னால் நின்றது ஒரு பெரிய நாடு, நீராவி அறை முதலில் கிடைத்த நாடு.

அன்று பின்னேரம் நாலு வீரர்களும் பயிற்சியாளரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். மீண்டும் கூழ். நேர்த்திக்கடன் என்னவாயிற்று என்று கேட்டேன், மீன் கூழ் என்றார் மனுசன், நண்டு இல்லை. அவளிடம் வந்ததும் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கி நின்றார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு விருந்தாளியிடம் ஊற்றட்டுமா என்று கேட்டார். அவள் கோப்பையைக் கையால் மூடினாள். அவர் முகம் வாடியது. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கையை எடுத்தாள்.

போகும்போது மஞ்சள் கோட்டையும் மகளின் கம்பளித் தொப்பியையும் இரவல் கேட்டாள். நினைவுக்குப் படம் எடுக்கப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

நிறைவு விழாவன்று எல்லா வீரர்களும் ஒன்றாகக் கலந்து உள்ளே வருவார்கள். நாட்டுக்கு நாடு வரிசை கிடையாது. ஆயிரக்கணக்கான தலை. அந்த வெள்ளத்தில் என்னுடைய நாலு பேரை எங்கே தேடுவது? முதல் நாள் கண்ணாடி துடைத்து ஏமாந்தது போதாதென்று இன்று கண்ணாடி இருந்தும் பிரயோசனம் இல்லை என்று மனுசனிடம் முறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது மஞ்சள் தெரிந்தது.

கழுத்துவரை பூட்டிய என் குளிர்கோட்டு. தலையில் மகளின் கம்பளித் தொப்பி. சுற்றிலும் கைவெட்டிய சட்டைகள், நடுவில் அது. ஒரு கையில் அவளுடைய கொடி. மற்ற மூவரும் அவளை ஒட்டி நடந்தார்கள், பின்னால் பயிற்சியாளர். படம்பிடிப்பவன் கண்டுவிட்டான். அரங்கத்துப் பெரிய திரை முழுவதும் என் கோட்டு. மொன்றியல் சனத்துக்குக் குளிர்கோட்டு என்றால் என்னவென்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு கைதட்டல், பிறகு அரங்கம் அதிர்ந்தது. அறிவிப்பாளர் அந்த நாட்டின் பெயரைச் சொன்னார். சனம் போட்ட சத்தத்தில் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"உம்மட கோட்டு போகுதப்பா," என்றார் மனுசன்.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.